இடது பக்கத்து மருமகள்

ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சில், நாலு பேர் பார்க்க, லினெட் மாமியார் இருதயமேரியின் இடது கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

இருதயமேரிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பெரிதாக ஒன்றுமில்லை என்றுதான் டாக்டர் சொன்னார். டாக்டர்களுக்கு எதுதான் பெரிது? கழுத்தெலும்பு தேய்ந்து, ஓரத்தில் முள்போல் வளர்ந்து, மூளைக்குப் போகிற இடது ரத்தக்குழாயை அழுத்துகிறதாம். தலையைத் திருப்பினால் ரத்தம் தடைபட்டு மயக்கம் வருகிறதாம். மீதி நாளைக்கு ரிப்போர்ட்டில் வரும் என்று போய்விட்டார்.

லினெட்டின் காதில் ஏறியது ‘இடது’ ஒன்றுதான்.

கோயிலானாலும் சாப்பாட்டு மேசையானாலும் மாமியாருக்கு இடது பக்கம்தான் அவள் இடம். நாலு வருடமாக அந்தப் பக்கம் இருதயமேரியின் முகம் திரும்பியதே இல்லை.

“என்னப் புடிக்கலன்னு எங்கம்மாகிட்ட, அவருகிட்ட, எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன் அத்த. நீங்க திரும்ப முடியாமத்தான இருந்திருக்கீங்க! போன ஞாயித்துக்கெழம பூசையில என் பக்கம் திரும்பப் போயிதான விழுந்தீங்க?”

பக்கத்தில் இருப்பவர் முகம் பார்த்துக் கைகூப்பிச் சமாதானம் சொல்லுங்கள் என்று சாமியார் சொன்ன நேரம் அது. லினெட் வழக்கம்போல் கைகூப்பித் தலையைக் குனிந்துகொண்டாள். கிடைக்காத முகத்தை எத்தனை தடவைதான் பார்ப்பது? அடுத்த நொடி மாமியார் அவள் மேல் சாய்ந்து கிடந்தாள். எப்படி விழுந்தாள் என்பதை அவள் பார்க்கவில்லை.

இருதயமேரிக்குத் தெரியும்.

பேசி முடித்த பெண்ணை விட்டுவிட்டு மகன் மார்ட்டின் இவளைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து, இடது பக்கத்தில் ஓர் ஆள் இருப்பதாகவே அவள் காட்டிக்கொண்டதில்லை. அன்றும் வீம்பாக வலது பக்கம்தான் திரும்பினாள், முன்பின் தெரியாத ஒருத்திக்குச் சமாதானம் சொல்ல.

சற்றுமுன் மேசையில் படுக்கவைத்து, தலையை இடது பக்கம் திருப்பிப் படமெடுத்தபோது அவளுக்கு ஒன்றுமே செய்யவில்லை. வலது பக்கம் திருப்பியபோதுதான் கூரை சுழன்றது. வலது பக்கம் திரும்பினால்தான் அந்த இடது குழாய் அடைபடுகிறது என்று படமெடுத்த பெண் சொல்லவும் சொன்னாள்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. சொல்லிவிடலாம். சொன்னால் நாலு வருடத்தையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டாலும் நாளைக்கு ரிப்போர்ட் வந்துவிடும், லினெட் படித்தவள்.

மருமகளை ஒருமுறையாவது நேராகப் பார்த்துவிட வேண்டும் போலிருந்தது. இடது பக்கம் திரும்பினாள்.

லினெட் பதறி, அவள் கன்னத்தில் கைவைத்து முகத்தை நேராக்கினாள்.

“ஐயோ, திரும்பாதீங்க அத்த! இனிமே நான் அந்தப் பக்கம் ஒக்காந்துக்கறேன்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து சுற்றி வந்து, மாமியாரின் வலது பக்கம் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.