பொன்னுக்கு வீங்கி

டாக்டர் அறையில் வருகிறவர்களுக்கு இரண்டே நாற்காலிகள். ஒன்றில் அத்தை உட்கார்ந்தார். இன்னொன்றில் அத்தை பெற்ற பிள்ளை, அதாவது என் கணவர், உட்கார்ந்தார்.

வைத்தியம் செய்துகொள்ள வந்த நான் சுவரோரமாக நின்றேன்.

கணவன் மனைவி இரண்டு பேரும் வரவேண்டும் என்றுதான் இந்தப் புது டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் அத்தை இல்லாமல் கணவன் மனைவி என்று ஒன்று கிடையாது. அது அவருக்கு எப்படித் தெரியும், பாவம்.

அத்தை வந்த காரியம் ஒன்றே ஒன்றுதான். ‘இவளுக்குக் குழந்தை பிறக்காது’ என்று ஒரு டாக்டர் வாயால் கேட்கவேண்டும். கேட்டுவிட்டால் என்னைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு மகனுக்கு வேறு பெண் கட்டிவைக்கலாம். பெண்ணைக்கூடப் பார்த்தாகிவிட்டது. என்னிடமே போட்டோ காட்டினார். லட்சணமாகத்தான் இருந்தாள்.

என் பங்குக்கு நானும் குறை வைக்கவில்லை. ஸ்கேன், ஊசி, மாத்திரை, மயக்கம் கொடுத்து வயிற்றில் துளை போட்டுப் பார்த்தது என்று எல்லாவற்றுக்கும் படுத்து எழுந்தாயிற்று. போன இடத்திலெல்லாம் எனக்கு ஒன்றுமில்லை என்றார்கள். “ஒண்ணுமில்லாமலா ஒண்ணும் இல்ல?” என்று அத்தை டாக்டரை மாற்றிக்கொண்டே இருந்தார்.

இவரையும் ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள். அன்றைக்குப் பார்த்து ஆபீசில் மீட்டிங் வந்துவிடும். வீட்டில் மிக்ஸி ஓடவில்லை என்றால்கூட பிளக்கையும் பார்ப்போம், சுவிட்சையும் பார்ப்போம். அதற்காக அத்தையின் சிங்கக்குட்டியைச் சந்தேகப்பட முடியுமா?

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, இவர் தங்கமான மனிதர். ஊசி போட்ட இடத்தில் ஐஸ் வைத்துவிடுவார். “உன் மேல எனக்குக் கோபமே இல்லடா” என்பார். அந்தப் பெரிய மனசை நினைத்து, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு நான் அழுததும் உண்டு.

டாக்டர் என் ஃபைலைப் புரட்டி முடித்தார். பிறகு இவரிடம் திரும்பினார்.

“பொன்னுக்கு வீங்கி எப்பவாவது வந்திருக்கா?”

கன்னம் வீங்குமே, அந்த அம்மையைத்தான் கேட்டார். ஆனால் ‘பொண்ணு’ என்று காதில் விழுந்தால் அத்தைக்கு அது நான்தான். இவர் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டார்.

“பொண்ணுக்கா? இவளுக்கு என்னத்த வீங்குச்சு, குத்துக்கல்லாட்டம் நிக்கிறா! வீங்குனது என் புள்ளைக்குத்தான் டாக்டர். காலேஜ் சேந்த புதுசுல. கன்னம் மட்டுமா, கீழயும் வீங்கி, நடக்க முடியாம துடிச்சுப் போயிட்டான்.”

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார்.

அந்த வயதில் அப்படிக் கீழே வீங்கினால் சில ஆண்களுக்கு உயிரணுவே இல்லாமல் போய்விடலாம் என்றார். இத்தனை நாளாக இவருக்கு ஏன் டெஸ்ட் எடுக்கவில்லை என்றும் கேட்டார்.

ஐயோ பாவம், இது தெரியாமலேயே இருந்துவிட்டாரே, எப்படித் தாங்குவாரோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. சத்தியமாக அப்படித்தான் தோன்றியது. ஆறுதலாக அவர் தோளைத் தொடக்கூடப் போனேன்.

இவர் என் பக்கம் திரும்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அம்மா பக்கம் சாய்ந்தார்.

“கல்யாணத்துக்கு முன்னாடியே சொன்னேனா இல்லையாம்மா, இத யார்கிட்டயும் வாயத் திறக்காதேன்னு?”