பிடியை விடும்வரை

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரும்பு விரல்கள் குப்பியைத் தூக்கின.

இந்தப் பக்கம் அவளுடைய கைகள் பிடிகளுக்குள் இருந்தன. அவள் விரலை மடக்கினால் அவையும் மடங்கும். அவள் நடுங்கினால் அவையும் நடுங்கும்.

நடுங்கக் கூடாது.

குப்பியில் இருப்பது பார்வைக்கு வெறும் தண்ணீர். அணு உலை எரித்துத் துப்பிய கழிவிலிருந்து பிரித்தெடுத்தது. ஒரு ஊரையே காலி செய்யக்கூடிய அந்தச் சனியனுக்குள் இப்படி நல்லதும் கொஞ்சம் கிடக்கிறது. பெயர் யிட்ரியம். கல்லீரல் கட்டியைச் சுடும் மருந்து அதிலிருந்துதான் ஆகிறது. எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது. மூன்று நாள் போவதற்குள் வீரியம் பாதியாகிவிடும்.

இன்று எடுத்தது இரண்டு பேருக்கு. இரண்டு பேரும் சென்னையில் ஒரே ஆஸ்பத்திரியில் காத்துக் கிடக்கிறார்கள்.

ஒருவர் ஏகாம்பரம். அவள் புருஷன்.

"ஊரே பயப்படுற குப்பையக் கிளறிக் கிளறி, கடைசியில எனக்கே ஊத்தப்போற" என்று நேற்றுக்கூடச் சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது. லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருக்கிறேன் என்றவளை அவர்தான் துரத்தினார். "நீயே போய் எடு. வேற எவன் கையையும் நான் நம்ப மாட்டேன்."

கதவு திறந்தது.

வராந்தா வெளிச்சம் மஞ்சள் கண்ணாடியில் விழுந்தது. அதில் அவளுக்குப் பின்னால் வாசலில் நிற்கும் மேலதிகாரி தனபாலன் சார் தெரிந்தார்.

அவர் பேசவில்லை. பேசவும் மாட்டார். பிடிக்குள் கை வைத்திருப்பவரை யாரும் கூப்பிடக் கூடாது. அது இந்த அறையின் சட்டம். கட்டடமே தீப்பிடித்தாலும் குப்பி இறங்கிய பிறகுதான் வாயைத் திறக்கவேண்டும் என்று புதிதாக வருகிறவர்களுக்கு அவளே சொல்லியிருக்கிறாள்.

அவர் கையில் ஒரு பை இருந்தது.

அவளுடைய பை. சாப்பாட்டு டப்பாவையும் போனையும் போட்டு வாசல் அலமாரியில் விட்டுவந்த பை. அதை யாரும் இவ்வளவு தூரம் எடுத்து வரமாட்டார்கள், உடனே கிளம்பவேண்டிய ஒருத்திக்குத் தவிர.



ஐயோ, இருக்காது. அப்படி இருக்கவே இருக்காது.

கண்ணாடியில் அவர் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தார்.

குப்பி அந்தரத்தில் நின்றது.

விடமாட்டேன் என்று நினைத்தாள். விடாதவரை யாரும் எதுவும் சொல்ல முடியாது. சொல்லாதவரை ஏகாம்பரம் இருக்கிறார். தலையணையில் சாய்ந்து, நர்ஸை வம்புக்கு இழுத்துக்கொண்டு, மருந்துக்காகக் காத்துக்கொண்டு இருக்கிறார்.

தோள் வலித்தது.

வலிக்கட்டும்.

ஆனால் ஆஸ்பத்திரியில் அவருக்கு எதிர் அறையில் ஒரு தேனிக்காரப் பெண்ணும் இதே மருந்துக்குக் காத்திருக்கிறாள். சின்ன வயசு. நேற்று இவள் வெந்நீர் ஃபிளாஸ்க்கை நீட்டியபோது கேட்டாள். "அக்கா, நாளைக்கு மருந்து நெசமாவே வந்துருமா?"

வந்துவிடும் என்று இவள் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தாள்.

குப்பிக்குள் மருந்து தேய்ந்துகொண்டிருந்தது. இவள் பிடித்து வைத்தால் அது நிற்கவா போகிறது?

இரும்பு விரல்கள் மெல்ல இறங்கின. ஈயக் குடுவைக்குள் குப்பி உட்கார்ந்தது. மூடியை வைத்துத் திருகினாள். இன்னொரு முறையும் திருகிப் பார்த்தாள்.

கைகளை வெளியே இழுத்தாள். அப்போதுதான் அவை நடுங்கின.

தனபாலன் சார் ஓரடி முன்னால் வந்தார். "அம்மா..."

அவள் திரும்பவில்லை.

"மருந்து வண்டிய அனுப்பிட்டு அப்புறமா சொல்லுங்க சார்."