பத்துக்கு எத்தனை?

பத்திரிகையில் பழைய பாப் பாட்டுகளுக்கு மார்க் போடும் விமர்சகர், வீங்கிய கன்னத்தோடு பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்தார்.

"உங்க பத்தியை விடாம படிக்கிறேன் சார்," என்றார் டாக்டர். "தொண்ணூறுகள்ல சக்கைப்போடு போட்ட பாட்டெல்லாம் வச்சிருக்கேன். நர்ஸ் கருவியெல்லாம் எடுத்து வைக்கிற வரைக்கும் பத்துக்கு எத்தனைன்னு சொல்லுங்களேன்."

முதல் பாட்டுக்கு விமர்சகர் வலியை மறந்து காலாட்டினார். "ஏழு."

இரண்டாவதற்கு உதட்டைப் பிதுக்கினார். "நாலு."

மூன்றாவது பாட்டு ஆரம்பித்ததுமே முகம் சுளித்தார். "பூஜ்யம்."

"லட்சக்கணக்குல வித்துச்சே சார்?"

"வித்தா என்ன டாக்டர்? தகர டப்பாவைத் தெருவுல இழுத்துட்டுப் போற மாதிரி குரல். அந்த ஆள் அப்பவே பாட்டை விட்டுட்டு வேற உருப்படியான வேலைக்குப் போயிருக்கணும்."

டாக்டர் பாட்டை நிறுத்தினார். முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு, பல்லைத் துளைக்கும் கருவியைக் கையில் எடுத்தார்.

"போயிட்டேன் சார். வாயை நல்லாத் திறங்க."

கருவி உறுமிக்கொண்டே உள்ளே வந்தது. வாயைத் திறந்துவிட்டதால் விமர்சகரால் பேச முடியவில்லை. அவசர அவசரமாக இரண்டு கைகளையும் தூக்கி, பத்து விரல்களையும் விரித்துக் காட்டினார்.