கதவு சாத்திய ஜெபம்

இந்தப் பாட்டு முடிந்ததும் போதகர் அவளைக் கூப்பிடுவார். அடக்க ஆராதனையில் கொள்ளுப்பாட்டியின் வாழ்க்கையைப் பற்றி அவள்தான் பேச வேண்டும் என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள்.

ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிறவள். மைக் பிடித்துப் பழகிய வாய் வீட்டிலேயே இருக்கும்போது வேறு யாரைத் தேடுவது?

அந்த வாய்தான் இப்போது சர்ச் வாசலில் உலர்ந்துபோய் நின்றது.

பாட்டி விடியும்போதே எழுந்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பிள்ளை, பேத்தி, கொள்ளுப்பேத்தி என்று ஒருவர் விடாமல் பேர் சொல்லி ஜெபிப்பாள். பக்கத்தில் ஆள் இருந்தால் வாயைத் திறக்க மாட்டாள். என்ன ஜெபித்தாய் என்று எப்படித் துருவினாலும் சொல்ல மாட்டாள். அது தனக்கும் ஆண்டவருக்கும் நடுவில் உள்ள சமாசாரம் என்பாள்.

இதெல்லாம் ஊரறிந்தது. இதைப் பேசிவிடலாம்.

ஆனால் போன வருடம் ஒரு மத்தியானம், தனியாகக் குடியிருந்த பாட்டியிடம், தனக்குக் கடவுள் நம்பிக்கை போய்விட்டது என்று அவள் சொல்லியிருந்தாள். பொய்யாக முழங்கால் போட அவளுக்கு மனம் ஒப்பவில்லை. பாட்டிக்கோ காது முக்கால்வாசி போயிருந்தது. இரண்டாவது தடவை கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

பாட்டி எழுந்து, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பாட்டி அழுகிற சத்தம் கேட்டுவிடுமோ என்று பயந்து, அவள் செருப்பை மாட்டிக்கொண்டு ஓட்டமாக ஓடிவிட்டாள். அப்புறம் எத்தனையோ முறை போனாள். இருவருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அந்த ஜெபத்தில் தன் பேர் இன்னும் இருக்கிறதா என்று கேட்கத் துணிவு வரவில்லை. இனி கேட்க ஆளில்லை.

சைக்கிள் கடைக்காரர் படியேறி வந்தார். அவர் கடைக்கும் பாட்டியின் அறைக்கும் ஒரே சுவர். சாமி, பூதம் எதிலும் ஒட்டாத மனிதர். இன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டு, கை நகத்துக் கிரீஸைக்கூடத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்திருந்தார்.

இடுப்பு வலி தேவலையா என்று விசாரித்தார். மேலதிகாரியின் தொல்லை குறைந்ததா என்றும் கேட்டார்.

அவள் திகைத்தாள். இரண்டையும் பாட்டியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

அவர் அசடு வழிந்தார். காது மந்தமான பிறகு, பாட்டி தான் முணுமுணுப்பதாக நினைத்துக்கொண்டு கத்தித்தான் ஜெபித்துக்கொண்டிருந்தாளாம். நாலு கடைக்குக் கேட்குமாம். பாட்டியிடம் சொன்னால் வெட்கப்பட்டு நிறுத்திவிடுவாளே என்று தெருவில் யாருக்கும் சொல்ல மனம் வரவில்லையாம்.

போன வருடம் நான் கத்திய அந்த மத்தியானமும் கடையில் இருந்தீர்களா என்று அவள் கேட்டாள்.

இருந்தாராம். அவள் கத்தியதும் கேட்டதாம்.

பாட்டி அழுதாளா என்று கேட்டாள்.

அழுகிற ஆளா அவங்க என்று சிரித்துவிட்டு, கடைக்காரர் பாட்டியைப் போலவே கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவள் குரலிலேயே, அவள் சத்தத்திலேயே சொல்லிக்காட்டினார். உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆண்டவரே, இந்தப் புள்ளை பொய் சொல்லாது. நம்பலைன்னா நம்பலைதான். அதுக்காக நீர் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதேயும். அவளுக்கும் சேத்து நானே நம்பிக்கிறேன்."