பின்சுவரில் கேட்ட அழுகை

நாமக்கல் பட்டறைத் தெருவின் பழைய பாரில் பத்து நாளாகப் பேய் அழுகிறதாம். மத்தியானமானால் பின்சுவரில் ஒரு பெண்ணின் விசும்பல் கேட்கும். குடிக்க வந்தவர்கள் அலறி ஓடினார்கள். தங்கமுத்து மட்டும் தினமும் போனார்.

மனைவி அமுதவல்லி அவர் காலைக் கட்டிக்கொண்டாள். "ஏனுங்க, ஊரே ஓடுது, உங்களுக்குப் பயமில்லீங்களா?"

"அது பேயில்ல புள்ள. போன வருசம் செத்துப்போன நம்ம மக பிரியா குரலு. முன்னெல்லாம் ஒரு குவார்ட்டரோட எந்திரிச்சிருவேன். இப்ப அவ அழுது முடிக்கிற வரைக்கும் குடிக்கறேன். உடு, நேரமாச்சு."

அமுதவல்லி அவர் காலை விட்டாள். குடிகாரர்களைப் பயமுறுத்தத்தான் பத்து நாளாக அவள் அந்தச் சுவரின் ஓட்டையில் வாய் வைத்து விசும்பினாள். மகளை நினைத்ததும் அழுகை நிஜமாகவே வந்துவிட்டது.