வணக்கம் சொல்லாத சுவர்

கூடத்துச் சுவரே தொலைக்காட்சித் திரை; அதில் நிகழ்ச்சிகள் முடிவதே இல்லை. ஒன்று ஓயுமுன் அடுத்தது தானாகப் பிறந்துவிடும். அணைக்கப் பொத்தானும் கிடையாது. வள்ளிநாயகத்தால்தான் அந்த வீட்டில் பெரும்பாடு. அந்தக் காலத் தொலைக்காட்சியில் அறிவிப்பாளர் கைகூப்பி விடைபெற்ற பிறகே எழுந்து பழகியவர் அவர்.

"மாமா, சோறு ஆறிட்டு. எந்திரிங்க," என்றாள் மருமகள் பிரேமகலா, மறுபடியும்.

"ஒரு ஆளு பேசிக்கிட்டிருக்கும்போது எந்திரிச்சுப் போனா மரியாதையாம்மா?"

சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டவர் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. கை நடுங்கத் தொடங்கியிருந்தது.

"ஏ சுவரே, ஒரு வணக்கம் சொல்லித் தொலையேன்!" என்று கத்தினாள் பிரேமகலா.

"வணக்கம்! அடுத்து வருவது, வணக்கத்தின் வரலாறு," என்றது சுவர் உற்சாகமாக.

அவளுக்குத் தலை கொதித்தது. அது ஆரம்பிக்குமுன் விறுவிறுவென்று போய்ச் சுவரை மறைத்துக்கொண்டு நின்றாள். முந்தானையைச் சரிசெய்து, கைகூப்பி, நிதானமாகச் சொன்னாள்: "இத்துடன் இன்றைய நிகழ்ச்சிகள் நிறைவடைகின்றன. நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்."

வள்ளிநாயகமும் கைகூப்பினார். உடனே எழுந்து வந்து இலைமுன் உட்கார்ந்தார். நாலு வாய் உள்ளே போனதும் நடுக்கம் அடங்கியது.

"கடைசியா ஒரு பொண்ணு வந்துச்சே, பாத்தியா? அப்படியே உன் சாடை," என்றார். "ஆனா அது எவ்வளவு தன்மையா பேசுது!"