ஆட்டக்காரிகளின் பந்தி

“எக்கா, நீங்க இங்க படிக்கீயளா, வேலை பாக்கீயளா?” என்று விடுதிச் சமையல்காரர் பிலோமியின் சின்ன மகள் ஒருமுறை கேட்டாள். கபடி அணிப் பெண்கள் சிரித்தார்கள். “ரெண்டும் இல்லட்டி, அடி வாங்குதோம்” என்றாள் இசக்கியம்மாள். கல்லூரிக்காக ஆடுகிறவர்களுக்கு அறையும் சாப்பாடும் இலவசம். தனிப் பந்தி, ஆளுக்கொரு முட்டை.

அரையிறுதியில் இசக்கியம்மாளின் முழங்கால் சவ்வு கிழிந்தது. உடற்கல்வி இயக்குநர் தணிவாகத்தான் சொன்னார்: “பரீட்சை வரைக்கும் ரூம்ல இருந்துக்கோம்மா. சாப்பாடு இனிமே ஆடுற பிள்ளைகளுக்குத்தான்.” பணம் கட்டிச் சாப்பிட அவளுக்கு வழியில்லை.

அன்று மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு எழுந்தவளைப் பிலோமி மறித்தார்.

“எங்க போற? உக்காரு.”

“என் பேர எடுத்துட்டாவக்கா.”

“பேரக் கேட்டுட்டா சோறு உள்ள போவுது? உக்காருட்டி.”

சோற்றைக் கிளறியபோது அடியில் ஒரு முட்டை இருந்தது. அது பிலோமியின் பங்கு. பரீட்சை முடியும்வரை தினமும் இருந்தது.

ஊருக்குக் கிளம்பும் ஞாயிறு காலையில் பிலோமி மாதா கோயில் பூசைக்குப் போயிருந்தார். இசக்கியம்மாள் சமையற்கட்டுக்குள் போனாள். மடங்காத காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து, அடிபிடித்துக் கிடந்த பெரிய சோற்று அண்டாவைத் தேங்காய் நாரால் தேய்த்தாள். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. கரி முழுதும் போனதும் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு, நொண்டியபடியே பின்வாசல் வழியாகப் பேருந்துக்கு நடந்தாள்.